விழுந்த பலமும் வாங்கின பலமும்: ரோல்பிளேயிங் கேம்ல ஒரு பழைய தகராறு

போடிநாயக்கனூர்ல இருந்து பேசறேன். இது எபிசோடோட எழுத்து வடிவம். பேசும்போது வந்த இழுவைகளை எடுத்துட்டேன், கணக்கு வர்ற இடங்களைக் கொஞ்சம் விரிச்சிருக்கேன்.

இன்னைக்குக் கேள்வி இதுதான்: எல்லாரும் ஒரே பக்கம் சேர்ந்து ஆடற ஆட்டத்துல, ஒருத்தர் மட்டும் ரொம்பப் பலமா இருந்தா அது டீமுக்கு நல்லதா, கெட்டதா?

டேபிள்டாப் ரோல்பிளேயிங் கேம் ஆடினதே இல்லன்னா ஒரு நிமிஷ அறிமுகம். நாலஞ்சு பேர் ஒரு மேசையைச் சுத்தி உக்காருவாங்க. ஒருத்தர் கேம் மாஸ்டர். காடு, குகை, பூதம், ராஜா எல்லாம் அவர் பொறுப்பு. மத்தவங்க ஆளுக்கு ஒரு கேரக்டர். கேரக்டருக்குப் பலம், அறிவு, சுறுசுறுப்புன்னு எண்கள் உண்டு. ஒரு காரியம் நடக்குமா நடக்காதான்னு டைஸ் உருட்டிப் பாக்கணும். அந்த எண்களையும் திறமைகளையும் கணக்குப் போட்டு, ரூல்ஸ் அனுமதிக்கற வரைக்கும் பலமான கேரக்டரை உருவாக்கறதுக்குத்தான் ஆப்டிமைசேஷன்னு பேரு. அதுல தப்பே இல்ல. ஆனா ஆட்டம் பிறந்த நாள்ல இருந்து இதை வெச்சு ஒரு தகராறு ஓடிக்கிட்டு இருக்கு.

முதல்ல நம்ம திண்ணை

அமெரிக்காவுக்குப் போறதுக்கு முன்னாடி நம்ம பக்கத்தைப் பாத்துடுவோம். போடி மலையில இருந்து இறங்கற கொட்டக்குடி ஆறு வைகையில சேருது. அதே வைகைக் கரையில இருக்கற கீழடியில அகழாய்வு பண்ணப்போ பகடையும் ஆட்டக்காய்களும் கிடைச்சிருக்கு. டைஸ் உருட்டறது நமக்குப் புதுசு இல்ல.

தாயம் எல்லாருக்கும் தெரியும். ரெண்டு நீளக் கட்டை. ஒவ்வொண்ணுலயும் நாலு பக்கம்: வெறுமை, ஒண்ணு, ரெண்டு, மூணு. ரெண்டும் வெறுமையா விழுந்தா பன்னெண்டு. மொத்தம் 16 விதமா விழலாம். அதுல கூட்டினா ஒண்ணு வர்றது, அதாவது தாயம் விழறது, 2 விதம்தான். எட்டுல ஒரு வாய்ப்பு. தாயம் விழாம உங்க காய் கட்டத்துக்குள்ளயே வராது. எதிர்ல இருக்கற அத்தைக்கு முதல் உருட்டுலயே தாயம் விழுந்தா யாரும் அவங்ககிட்ட சண்டைக்குப் போக மாட்டோம். அது விழுந்த பலம். அதுக்கு யாரும் பொறுப்பு இல்ல.

பல்லாங்குழி வேற மாதிரி. அதுல அதிர்ஷ்டத்துக்கு வேலையே கிடையாது. 14 குழி, பக்கத்துக்கு 7. குழிக்கு 5 காய் வெச்சு ஆடினா மொத்தம் 70. எந்தக் குழியில இருந்து எடுத்தா எங்க முடியும்னு மனசுல ஓட்டிப் பாக்கறவங்கதான் ஜெயிப்பாங்க. ஒரு ஆட்டத்துல தோத்தவர் அடுத்த ஆட்டத்துக்குத் தன்கிட்ட இருக்கற காயை வெச்சு எத்தனை குழி நிரம்புமோ அத்தனைதான் நிரப்ப முடியும். மிச்சக் குழி அவருக்குக் கிடையாது. அதாவது ஜெயிச்சவர் மேல மேல ஜெயிக்கறதுக்கு வசதியான ஆட்டம். அப்படியே விட்டா பத்து நிமிஷத்துல ஒருத்தர் எழுந்து போயிடுவாங்க. அதனால பல ஊர்கள்ல ஒரு ஏற்பாடு வெச்சிருக்காங்க. ஒரு குழியைக்கூட நிரப்ப முடியாத நிலைமை வந்தா, கையில மிச்சம் இருக்கற காயைக் குழிக்கு ஒண்ணா வெச்சு ஆட்டத்தைத் தொடரலாம். அதுக்குப் பேரு கஞ்சி. சோத்துக்கு வழி இல்லாதவருக்குக் கஞ்சி. எதிராளி பட்டினியில எழுந்து போகக்கூடாதுங்கறது ஆட்டத்தோட ரூலுக்குள்ளயே இருக்கு.

மூணாவது, ஆடு புலி ஆட்டம். கோயில் மண்டபத் தரையில கோடு கீறி வெச்சிருக்கறதைப் பாத்திருப்பீங்க. 3 புலி, 15 ஆடு. புலி தாண்டி வெட்டும். ஆட்டால வெட்ட முடியாது, சுத்தி வளைச்சு அடைக்க மட்டும்தான் முடியும். ஒத்தை ஆட்டுக்கு எந்தப் பலமும் இல்ல. பின்னாடி இன்னொரு ஆடு நின்னா புலியால தாண்ட முடியாது. ரெண்டு பக்கத்துக்கும் பலம் சமம் இல்ல, வேலையும் ஒண்ணு இல்ல. ஆனாலும் ஆட்டம் நியாயமா இருக்கு. இதுக்கு நெருங்கின சொந்தம் நேபாளத்து பாக் சால், 4 புலி 20 ஆடு. அதை லிம் யூ ஜின், யூர்க் நீவர்கெல்ட்னு ரெண்டு ஆய்வாளர்கள் கம்ப்யூட்டர்ல முழுசா அலசினாங்க. ரெண்டு பக்கமும் தப்பே பண்ணாம ஆடினா ஆட்டம் டிரான்னு முடிவு வந்தது.

மூணு ஆட்டம், பலத்தைக் கையாள மூணு வழி: குருட்டு அதிர்ஷ்டம், தோத்தவருக்குக் கஞ்சி, ஆளுக்கு ஒரு வேலை. இதை ஞாபகம் வெச்சுக்கோங்க.

எதிர்ப்பக்கம் உக்காந்தவங்க ஒரே பக்கம் வந்தாங்க

இப்போ அமெரிக்கா. 1960கள்ல அங்க போர் விளையாட்டுன்னு ஒரு பொழுதுபோக்கு இருந்துச்சு. மேசை மேல பொம்மைப் படையை நிறுத்தி, நெப்போலியன் காலத்துச் சண்டைகளை ரூல்ஸ் போட்டு ஆடுவாங்க. ரெண்டு பேர், ரெண்டு பக்கம், ஒருத்தர் ஜெயிக்கணும். ரூல்ஸைக் கரைச்சுக் குடிச்சவருக்குத்தான் அங்க மரியாதை.

1969ல மினசோட்டாவுல டேவிட் வெஸ்லின்னு ஒருத்தர் 'பிரவுன்ஸ்டைன்'னு ஒரு ஆட்டம் நடத்தினார். அதுல படைக்குப் பதிலா ஆளுக்கு ஒரு தனி மனுஷன், ஒவ்வொருத்தருக்கும் ஒரு தனி நோக்கம். அந்த ஆட்டத்துல இருந்த டேவ் ஆர்னசன் 1971 வாக்குல அதே யோசனையை மாயாஜால உலகத்துக்குக் கொண்டுபோய் 'பிளாக்மூர்'னு ஆட ஆரம்பிச்சார். விஸ்கான்சின்ல இருந்த கேரி கைகாக்ஸ் அதோட சேர, 1974ல 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' வெளிவந்தது. முதல் அச்சு 1,000 பெட்டி. சுருக்கமா டி அண்ட் டின்னு சொல்லிக்கலாம்.

இதுல கவனிக்க வேண்டிய மாற்றம் டிராகன் இல்ல. எதிரெதிரா உக்காந்து ஆடிக்கிட்டு இருந்தவங்க இப்போ ஒரே பக்கம் வந்துட்டாங்க. ஆட்டம் மாறிடுச்சு, பழக்கம் மாறல. ரூல்ஸ்ல ஓட்டை தேடற கண்ணு அப்படியே இருந்துச்சு. முன்னாடி அந்தக் கண்ணுக்கு எதிராளி பலியானார். இப்போ பக்கத்துல இருக்கற நண்பர்.

கேம் மாஸ்டர்களும் சும்மா இல்ல. கைகாக்ஸோட மேசையிலயே சிலரோட கேரக்டர்கள் ரொம்பப் பலமாயிட்டாங்க. அவங்களுக்குச் சவால் விடறதுக்காகவே அவர் எழுதினதுதான் 'டூம் ஆஃப் ஹாரர்ஸ்'. 1975ல ஒரு மாநாட்டுப் போட்டியில ஆடி, 1978ல புத்தகமா வந்தது. எந்தப் பலமும் எடுபடாத பொறிகள் நிறைஞ்ச ஒரு கல்லறை. வீரர் பலத்தை ஏத்தினா மாஸ்டர் ஆபத்தை ஏத்தறது. இந்த ஏலப் போட்டி அப்பவே தொடங்கிடுச்சு.

உருட்டறதுல இருந்து வாங்கறதுக்கு

1974 ரூல்ஸ்படி கேரக்டரோட எண்கள் எல்லாம் மூணு டைஸ் உருட்டி வர்றது. 18 வேணும்னா மூணுலயும் ஆறு விழணும். 216ல ஒரு வாய்ப்பு. சராசரி பத்தரை. விழுந்ததை வெச்சு ஆட வேண்டியதுதான். நம்ம தாயம் மாதிரியே. உங்களுக்கு 18 விழுந்தா யாரும் கோவிச்சுக்க முடியாது.

கொஞ்சம் கொஞ்சமா அது மாறிச்சு. 1979ல வந்த அட்வான்ஸ்டு டி அண்ட் டியோட கேம் மாஸ்டர் புத்தகத்துல, நாலு டைஸ் உருட்டிக் குறைஞ்சதை விட்டுடலாம்னு ஒரு முறை வந்தது. இதுல 18 விழற வாய்ப்பு 62ல ஒண்ணு ஆயிடுச்சு. அதுக்கு முன்னாடியே, 1977ல ஸ்டீவ் ஜாக்சன் எழுதின 'மெலே'ங்கற சின்ன ஆட்டத்துல கேரக்டரோட எண்களுக்கு டைஸே கிடையாது. உங்களுக்கு இத்தனை பாயிண்ட், பலத்துக்கும் சுறுசுறுப்புக்கும் நீங்களே பிரிச்சுக்கோங்க. 1981ல 'சாம்பியன்ஸ்'ங்கற சூப்பர்ஹீரோ கேம் இன்னொரு படி போனது. உங்க கேரக்டருக்கு ஒரு குறையை ஏத்துக்கிட்டா கூடுதல் பாயிண்ட். என்ன நடக்கும்னு யோசிச்சுப் பாருங்க. கதை முழுக்கப் பாலைவனத்துல நடக்கும்னு தெரிஞ்ச ஆளு, 'என் கேரக்டருக்குக் கடல்னா பயம்'னு எழுதிப் பாயிண்டை வாங்கிக்கலாம்.

2000ல வந்த டி அண்ட் டி மூணாம் பதிப்புலதான் கதவு முழுசாத் திறந்தது. சில லெவலுக்கு ஒருமுறை ஃபீட்னு ஒரு தனித்திறமை, லெவலுக்கு லெவல் வேற தொழில் மாத்திக்கற வசதி, பிறகு குவிஞ்ச துணைப் புத்தகங்கள். எதோட எதைச் சேர்த்தா என்ன வரும்னு தேடறதே தனி ஆட்டம் ஆயிடுச்சு. அந்தப் பதிப்பை உருவாக்கின மூணு பேர்ல ஒருத்தரான மான்டி குக் பின்னால ஒரு கட்டுரையில வெளிப்படையாவே எழுதினார்: ஆட்டத்தை ஆழமாக் கத்துக்கிட்டவங்களுக்குப் பலன் கிடைக்கற மாதிரி யோசிச்சுத்தான் செஞ்சோம், எது எப்போ உபயோகம்னு சொல்லாம வீரரே கண்டுபிடிக்கட்டும்னு விட்டோம்னு. உதாரணம், 'டஃப்னெஸ்'னு ஒரு ஃபீட். பேரைப் பாத்துப் புதுசா வந்தவர் எடுப்பார். கிடைக்கறது 3 உயிர்ப் புள்ளி. லெவல் ஏற ஏற அது ஒண்ணுமே இல்ல.

இந்த வரலாற்றுல எனக்கு முக்கியமாப் படறது ஒண்ணுதான். விழுந்த பலத்துக்கு யாரும் பொறுப்பு இல்ல. வாங்கின பலத்துக்குப் பொறுப்பு உண்டு. டைஸ் போயி தேர்வு வந்த அன்னைக்கே, 'நீ ஏன் இதைத் தேர்ந்தெடுத்த?'ன்னு பக்கத்துல இருக்கறவர் கேக்கற உரிமையும் வந்துடுச்சு. 'மன்ச்கின்'ங்கற வசைச்சொல்லும் புழக்கத்துக்கு வந்தது. எப்படியாவது நான்தான் பெரிய ஆளா இருக்கணும்னு ஆடறவருக்கு வெச்ச பேரு. 2001ல அதே பேருல கேலியா ஒரு சீட்டாட்டமே வந்துச்சு. ஆனா எல்லாரும் திட்டிட்டு மட்டும் போகல. 1980லயே கிளென் பிளாகோன்னு ஒருத்தர் 'டிஃபரண்ட் வேர்ல்ட்ஸ்' பத்திரிகையில, வீரர்களுக்கு நாலு விதமான ஆசை இருக்குன்னு பிரிச்சு எழுதினார். பலம் சேக்கறது அதுல ஒண்ணு. நடிக்கறது, கதை சொல்றது, போர்த்தந்திரம் மத்த மூணும். அதுவும் ஒரு ஆசைதான், நோய் இல்ல.

எங்க வலிக்குதுன்னு ஒரு கணக்கு

ஒருத்தர் பலமா இருந்தா மத்தவங்களுக்கு என்ன நஷ்டம், டீமுக்கு லாபம்தானேன்னு தோணும். இதுதான் இந்தத் தகராறோட முடிச்சு. கணக்குப் போட்டுப் பாப்போம்.

இன்னைய டி அண்ட் டியில அடிக்கணும்னா இருபது முக டைஸ் உருட்டி, உங்க எண்ணைக் கூட்டி, எதிரியோட ஆர்மர் க்ளாஸைத் தொடணும். மேசையில நாலு பேர். மூணு பேருக்குக் கூட்டல் 5. ஒருத்தர் நல்லாக் கணக்குப் போட்டு 9 வரைக்கும் ஏத்தி வெச்சிருக்கார். எதிரியோட ஆர்மர் க்ளாஸ் 15. மூணு பேருக்கும் 55 சதவீதம், அவருக்கு 75. இதுவரைக்கும் யாருக்கும் வலி இல்ல.

ஆனா கேம் மாஸ்டர் பாக்கறார். சண்டை எல்லாம் ரெண்டு சுத்துல முடிஞ்சுடுது. அதனால அடுத்த வாரம் ஆர்மர் க்ளாஸ் 19. இப்போ பலசாலிக்கு 55 சதவீதம். அவருக்கு ஆட்டம் சரியான சூட்டுல இருக்கு. மத்த மூணு பேருக்கு? 35 சதவீதம். உருட்டறாங்க, தவறுது. அடுத்த முறை வர்றதுக்குப் பத்து நிமிஷம். உருட்டறாங்க, மறுபடி தவறுது. அவங்க கேரக்டர்ல ஒரு எண்கூட மாறல. ஆனா அவங்க பலவீனமாயிட்டாங்க. ஒருத்தர் வாங்கின பலத்துக்கான விலையை மத்த மூணு பேர் கட்டறாங்க.

செஸ்ல, கோ ஆட்டத்துல இந்தப் பிரச்சனைக்கு வழி இருக்கு. கோவுல பலமானவர் எதிராளிக்குச் சில கல்லை முன்கூட்டியே பலகையில வைக்க விடுவார். நம்ம கஞ்சி மாதிரி. ஆனா இங்க எதிராளியே கிடையாது. பலசாலி தன் கையைக் கட்டிக்கிட்டு மோசமா ஆடினா, டீம் தோக்கும். மத்தவங்களுக்கும் அது இரக்கமாத்தான் தெரியும். இரக்கம் வாங்கிக்கிட்டு யாருக்கும் ஆடப் பிடிக்காது.

ரூல்புக் எந்த மொழியில இருக்கு?

இதை நம்ம ஊர் மேசையில வெச்சுப் பாருங்க. பெங்களூர்லயோ சென்னையிலயோ ஒரு குழு பிடிக்கலைன்னா வேற குழு தேடிக்கலாம். போடியில அப்படி இல்ல. எங்க மேசையில ஒருத்தர் ஏலக்காய் வியாபாரம், ஏலம் நடக்கற நாள்னா வரவே முடியாது. ஒருத்தர் மேல பூப்பாறைப் பக்கம் எஸ்டேட்டுக்கு ஜீப் ஓட்டறார், போடிமெட்டு இறங்கி வந்துதான் உக்காரணும். ஒரு டீச்சர், ரெண்டு ஐடி ஆளுங்க. இவ்வளவுதான் மொத்தமே. ஒருத்தர் 'எனக்கு இதுல வேலை இல்ல'ன்னு எழுந்தா, வேற ஆள் கிடையாது. ஆட்டமே நின்னுடும்.

இன்னொண்ணு, இதைப் பத்தி யாரும் அதிகம் பேசறதில்ல. ரூல்புக் இங்கிலீஷ்ல இருக்கு. முன்னூறு பக்கத்துக்கு மேல. மான்டி குக் சொன்ன 'கத்துக்கிட்டவங்களுக்குப் பலன்'ங்கறது அமெரிக்காவுல நேரத்தைப் பத்தின விஷயம். நம்ம மேசையில அது மொழியைப் பத்தின விஷயம். நல்ல கேரக்டர் யாருக்கு அமையும்? ராத்திரி உக்காந்து இங்கிலீஷ்ல முன்னூறு பக்கம் படிக்கற வசதி இருக்கறவருக்கு. ஜீப் ஓட்டறவரோட கற்பனை மத்த எல்லாரையும் விடப் பெருசு. மலையில மூடுபனியில ஒரு பாலம் எப்படித் தெரியும்னு அவர் சொல்ற மாதிரி எங்க யாராலயும் சொல்ல முடியாது. ஆனா ஃபீட் பட்டியல் அவருக்குத் தொறக்காத கதவு. அப்போ 'ரூல்ஸ் எல்லாருக்கும் பொதுதானே'ன்னு சொல்றது பாதி உண்மைதான்.

அப்போ என்ன பண்றது?

ஆப்டிமைசேஷனை விட வேண்டியதில்ல. திசையை மாத்தலாம். நாலு விஷயம் சொல்றேன்.

முதல் விஷயம், பலத்தை அடுத்தவர் உருட்டுக்குள்ள வைக்கறது. 'பிளெஸ்'னு ஒரு முதல் லெவல் ஸ்பெல் இருக்கு. மூணு பேருக்கு, அடிக்கும்போதெல்லாம் கூடுதலா ஒரு நாலு முக டைஸ். சராசரி இரண்டரை. முன்னாடி பாத்த அதே 35 சதவீதம் இப்போ 47.5 ஆகுது. மூணு பேருக்கும். கணக்கு தெரிஞ்ச ஆளுக்கு இது சாதாரண ஸ்பெல் இல்லன்னு உடனே புரியும். நாலு டைஸ்ல மூணு விழுந்து அதனாலயே அடி பட்டதுன்னா, கத்தறது யாரு? அடிச்சவர். அந்தச் சந்தோஷம் அவரோடது. 2008ல வந்த நாலாம் பதிப்பு இதை ரூலாவே ஆக்கப் பாத்தது. தாங்கறவர், அடிக்கறவர், தலைவர், களத்தைக் கட்டுப்படுத்தறவர்னு நாலு வேலை. ஆடு புலி ஆட்டம் மாதிரி ஆளுக்கு ஒரு வேலை.

ரெண்டாவது, சுமாரான யோசனையை எடுத்து அதை நல்லா ஆக்கறது. 2014 பதிப்போட பாயிண்ட் முறையில எல்லாருக்கும் 27 பாயிண்ட். அதை வெச்சு 15, 15, 15, 8, 8, 8ன்னும் வாங்கலாம்; 15, 14, 13, 12, 10, 8ன்னும் வாங்கலாம். விலை ஒண்ணுதான். கணக்குத் திறமைய ஏற்கனவே பலமான வகையில கொட்டினா மேசையை விட்டு மேல போயிடுவீங்க. வயசான ஜோசியர், கால் ஊனமான காவல்காரர்னு மனசுக்குப் பிடிச்ச, ஆனா எண்ணுல பின்தங்கின ஒரு கேரக்டர்ல கொட்டினா, மத்தவங்களுக்குச் சமமா வந்து நிப்பீங்க. மூளைக்கும் அதுதான் பெரிய வேலை.

மூணாவது, முதல்லயே பேசிடறது. ஆட்டம் தொடங்கறதுக்கு முன்னாடி எல்லாரும் உக்காந்து, என்ன மாதிரிக் கதை, எவ்வளவு சண்டை, யாருக்கு எந்த வேலைன்னு முடிவு பண்றதுக்கு 'செஷன் ஜீரோ'ன்னு பேரு. 2020ல டி அண்ட் டியோட அதிகாரப்பூர்வப் புத்தகம் ஒண்ணுலயே இதுக்குத் தனிப் பகுதி வந்துடுச்சு. பூட்டு திறக்கறதுதான் டீச்சரோட கேரக்டருக்குப் பெருமைன்னா, உங்க கேரக்டரும் பூட்டுத் திறக்கும்னு சேர்த்துக்காதீங்க. உங்களுக்கு அது ஒரு கூடுதல் வசதி. அவங்களுக்கு அந்த ராத்திரி வந்ததோட காரணமே அதுதான்.

நாலாவது, மொழி. ரூல்ஸ் படிச்சவர் அதைத் தமிழ்ல எடுத்துச் சொல்லணும். 'இதை எடு'ன்னு சொல்றதுக்கும், 'இதை எடுத்தா இது நடக்கும், அதை எடுத்தா அது நடக்கும், உன் ஆளு எப்படிப்பட்டவன்?'னு கேக்கறதுக்கும் பெரிய வித்தியாசம் இருக்கு. முதல்ல சொன்னது அவங்க கேரக்டரையும் நீங்களே ஆடறது. ரெண்டாவதுதான் கதவைத் தொறக்கறது. எங்க குழுவுல ஃபீட் பட்டியலை நாலு பக்கத் தமிழ்க் குறிப்பா எழுதி வெச்சிருக்கோம். அதுக்கப்புறம் ஜீப் ஓட்டற அண்ணன் எடுத்த தேர்வுகள்ல ஒண்ணுகூட எனக்குத் தோணினது இல்ல.

மலைக்காரங்களுக்குப் புரியற மாதிரி ஒண்ணு சொல்லி முடிக்கறேன். ஏலச்செடி பெரிய மரத்தோட நிழல்லதான் வளரும். மரத்தையே வெட்டிட்டா வெயில்ல செடி கருகிடும். அப்படியே விட்டாலும் வெளிச்சம் இல்லாம காய் பிடிக்காது. அதனால மழைக்காலத்துக்கு முன்னாடி மரத்துல ஏறி, வேண்டிய கொப்பை மட்டும் கழிப்பாங்க. மேசையில பலமான ஆளு குட்டையாக வேண்டியதில்ல. எந்தக் கொப்பு யாரு மேல விழற வெளிச்சத்தை மறைக்குதுன்னு பாத்தாப் போதும்.

உங்க மேசையில இப்படித் தகராறு வந்து, பேசித் தீர்த்திருந்தீங்கன்னா எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல பல்லாங்குழியோட ஊர் ஊரான ரூல்ஸ் வித்தியாசங்களைப் பத்திப் பேசலாம்னு இருக்கேன். உங்க பாட்டியோ அத்தையோ எப்படி ஆடினாங்கன்னு அவங்ககிட்ட கேட்டு வைங்க.